கோட்டைச்சாமி கையெடுத்த நாள்

கோட்டைச்சாமியைப் போலக் கும்பிடு போடுகிற ஆளை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. பஸ் கண்டக்டரைக் கும்பிடுவார். தபால்காரரைக் கும்பிடுவார். சாத்தூர் ரோட்டில் ஒரு ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு போனால், உள்ளே இருப்பது யாரென்றுகூடப் பார்க்காமல் அந்தப் புழுதியைக் கும்பிடுவார். நாரணாபுரத்தில் அவருடைய அப்பாவும் தாத்தாவும் அடுத்தவர் காட்டில் கூலிக்கு உழுதவர்கள். நிமிர்ந்து நின்றால் வசவு விழும், கையெடுத்து நின்றால் கஞ்சி கிடைக்கும் என்று தலைமுறை தலைமுறையாகப் பழகிய உடம்பு அது. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஆனாலும் நாங்கள் சிரித்தோம். கம்பெனியில் அவருக்குக் 'கும்பிடுசாமி' என்றே பெயர் வைத்திருந்தோம்.

கம்பெனி என்றால் வடகாசி லித்தோ ஒர்க்ஸ். 1955இல் லட்சுமிகாந்தம் தன் அம்மாவின் பெயரில் சிவகாசியில் ஒரு தகரக் கொட்டகைக்கு அந்தப் பலகையை மாட்டினார். வெடிக் கட்டுக்கும் தீப்பெட்டிக்கும் ஒட்டுகிற லேபிள் அடிக்கிற அச்சாபீஸ். முதலாளியையும் சேர்த்து ஒன்பது பேர். எட்டாவது கூலியாள் நான், ஜேசுதாசன். என் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். அவர் எனக்கு விட்டுப்போன ஒரே சொத்து நல்ல கையெழுத்து. அதை வைத்துக்கொண்டு ஆள் வருகையைப் பதிவதும் கடிதம் எழுதுவதுமாக அங்கே உட்கார்ந்தேன். பின்னால் அதற்கு டைம்கீப்பர் என்று பெயர் வந்தது.

கோட்டைச்சாமி மூன்றாவது ஆள். நான்காவது ஆள் விஸ்வநத்தம் சங்கையா. இவர் கோட்டைச்சாமியின் தங்கை வேலுத்தாயைக் கட்டியவர். மச்சானும் மாப்பிள்ளையுமாக இரண்டு பேரும் கட்டிங் மிஷினில் நின்றார்கள். பெரிய தாளில் வரிசை வரிசையாக அச்சான லேபிள்களைக் கட்டோடு வைத்து ஒரே வெட்டில் துண்டாக்குகிற மிஷின் அது. சங்கையா கத்திக்கு அடியில் தாள்கட்டைத் தட்டிச் சரிசெய்வார். கையை எடுத்துக்கொண்டு "விடு மச்சான்" என்பார். கோட்டைச்சாமி சக்கரத்தைச் சுற்றிக் கத்தியை இறக்குவார். அந்த வார்த்தை வராமல் அவர் இறக்கியதே கிடையாது. சங்கையாவுக்குக் காய்ச்சல் கண்டு குரல் கட்டிப்போன ஒரு வாரம், தலையசைப்பை நம்பமாட்டேன் என்று சொல்லி, அவர் கையில் ஒரு தகர டப்பாவைக் கொடுத்துத் தட்டச் சொன்னவர் அவர்.

கம்பெனி தொடங்கிய முதல் வாரத்திலேயே ஒன்று நடந்தது. லட்சுமிகாந்தம் முழங்கை வரை மையோடு உள்ளே வந்தார். கோட்டைச்சாமி சக்கரத்தை விட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். முதலாளி அங்கேயே நின்றார். எட்டுப் பேரையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னார்.

"மிஷின் முன்னால நிக்கும்போது எவனுக்கும் கும்பிடு போடாதீக. எங்க அப்பனே எந்திரிச்சு வந்தாலும் கையை எடுக்கக் கூடாது. மரியாதையெல்லாம் மத்தியானச் சோத்துக்கு வச்சுக்கிருவோம்."

மத்தியானச் சோறு முதலாளி வீட்டிலிருந்து ஒரே அண்டாவில் வரும். அவரும் எங்களோடு தரையில்தான் உட்காருவார். நாங்கள் அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டோம். கோட்டைச்சாமிக்கு அந்தச் சோற்றைவிட அந்தப் பேச்சுதான் வயிறு நிறைத்தது. அவருடைய முப்பது வயசு வாழ்க்கையில் கும்பிடாதே என்று சொன்ன முதல் மனிதர் லட்சுமிகாந்தம். ஊரில் பார்க்கிறவரிடமெல்லாம் இதைச் சொல்லிப் பூரித்துக்கொண்டிருந்தார். உடம்பு மட்டும் லேசில் கேட்கவில்லை. யாராவது உள்ளே வந்தால் தோள்பட்டை ஒரு துள்ளு துள்ளும். பல்லைக் கடித்துக்கொண்டு சக்கரத்தை இறுக்கிப் பிடிப்பார். இரண்டு வருஷம் ஆயிற்று அந்தத் துள்ளல் அடங்க. அதே காலத்தில் கைநாட்டையும் விட்டார். சம்பளப் பதிவேட்டில் போடுவதற்காகத் தன் பெயரை எழுதிக் காட்டச் சொல்லி என்னிடம் கேட்டு வாங்கி, வீட்டுச் சுவர் பூராவும் கரித்துண்டால் எழுதிப் பழகினார். 'ட்' போடும்போது மட்டும் தேவைக்கு மேல் ஒரு சுழி சுழிப்பார். நான் திருத்தியும் அந்தச் சுழி போகவில்லை.

பிறகு கம்பெனி வளர்ந்தது. வளர்ந்தது என்று சொன்னால் போதாது. கொட்டகை கட்டடமாயிற்று, கட்டடம் மாடியாயிற்று. 1961இல் ஜெர்மனியிலிருந்து ஆப்செட் மிஷின் வந்து இறங்கியபோது ஊரே ரோட்டில் நின்று வேடிக்கை பார்த்தது. பம்பாய் ஆர்டர், கல்கத்தா ஆர்டர், காலண்டர், சாமி படம் என்று மிஷின் நிற்க நேரமில்லை. 1964இல் எங்கள் பதிவேட்டில் முந்நூற்று நாற்பது பேர். ஆளுக்கொரு பித்தளை டோக்கன். காலையில் பலகையிலிருந்து எடுத்து என் பெட்டியில் போட வேண்டும். மூன்றாம் நம்பர், நான்காம் நம்பர் என்றால் புதுப் பையன்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். எட்டாம் நம்பர் எனக்கும் அந்தப் பெருமையில் ஒரு பங்கு உண்டு. இல்லையென்று சொன்னால் பொய்.

மெட்ராஸிலிருந்து மாணிக்கராஜ் என்று ஒரு மேனேஜர் வந்தார். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். எதையும் தாளில் எழுதினால்தான் அவருக்குத் தூக்கம் வரும். அண்டாச் சோறு நின்று, டிபன் தூக்குகளை வைக்க ஒரு ஷெட் வந்தது. முதலாளியை அண்ணாச்சி என்று கூப்பிடக் கூடாது என்று ஒரு நோட்டீஸ் வந்தது. அந்த நோட்டீஸின் முதல் வரியே 'நாம் அனைவரும் ஒரே குடும்பம்' என்றிருந்தது. எழுதியது நான்தான். குடும்பம் என்கிற சொல்லை அந்த ஆபீசில் கேட்ட அளவுக்கு நான் என் வீட்டில்கூடக் கேட்டதில்லை. தீபாவளி சீசனில் எட்டு மணி நேரம் முடிந்து கிளம்புகிறவன் குடும்பத்தைக் கைவிட்டுப் போகிறவன். உடம்பு சரியில்லை என்கிறவன் குடும்பத்துக்கு நல்லது நினைக்காதவன். உண்மையான குடும்பம் வீட்டில் விளக்கேற்றிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

குறைகளைச் சொல்ல ஒரு மரப்பெட்டியும் வைத்தார்கள். 'யோசனைப் பெட்டி' என்று நானே அழகாக எழுதி ஒட்டினேன். அப்போது கட்டிங் மிஷினும் கரண்டில் ஓடுகிற புதுசாக மாறியிருந்தது. அதில் கத்தியை மேலே நிறுத்திவைக்கிற கொக்கி இரண்டே வருஷத்தில் தேய்ந்துவிட்டது. லிவரைக் கையால் அழுத்திப் பிடித்திருந்தால்தான் கத்தி நிற்கும். கையை விட்டால் தானாக இறங்கும். சங்கையாவின் பத்து விரலும் அதற்கு அடியில் போய்ப் போய் வந்தன. கொக்கியை மாற்றித் தரச் சொல்லி, கோட்டைச்சாமி என்னை எழுதச் சொல்லி, மூன்று தடவை அந்தப் பெட்டியில் போட்டார். சாவி மேனேஜரிடம் இருந்தது. மிஷினை ஒரு நாள் நிறுத்தினால் லோடு தங்கிப்போகும் என்பதால் அவருக்குத் திறக்க நேரமில்லை. பின்னால் ஒரு நாள் நான் திறந்தபோது எங்கள் மூன்று சீட்டும் பல்லி முட்டைகளோடு அப்படியே கிடந்தன.

அந்த வருஷம் ஜூலையில் இன்னொரு நோட்டீஸ். ஆர்டர் கொடுக்கிற வெளியூர்ப் பார்ட்டிகள் ஒர்க்ஸைச் சுற்றிப் பார்க்க வருகிறார்கள். முதலாளியும் விருந்தினரும் உள்ளே நுழையும்போது வாசலில் மணி அடிக்கும். மணிச் சத்தம் கேட்டதும் தொழிலாளர் அனைவரும் இரு கை கூப்பி வணங்க வேண்டும். தவறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும். கோட்டைச்சாமி என் மேஜைக்கு வந்து அதை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அண்ணாச்சிக்குத் தெரிந்துதான் போட்டார்களா என்று கேட்டார். அடியில் இருந்த லட்சுமிகாந்தத்தின் கையெழுத்தைக் காட்டினேன். மிஷினுக்குத் திரும்பிப் போனார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அந்த மனிதர் கொடுத்ததை அந்த மனிதரே ஒரு தாளில் திருப்பி வாங்கிக்கொண்டார். எனக்கு அது அன்றைக்கு உறைக்கவில்லை. எழுத்து நேராக வந்திருக்கிறதா என்றுதான் பார்த்தேன்.

ஆகஸ்ட் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொரு மணி. பம்பாய்ப் பார்ட்டி மூன்று பேர் வந்தார்கள். மணி அடித்தது. முந்நூற்றுச் சொச்சம் பேரும் கையைக் கூப்பினார்கள். கோட்டைச்சாமியும் கூப்பினார். இரண்டு கையையும்.

சங்கையாவின் வலது கையில் கட்டைவிரல் ஒன்றுதான் மிஞ்சியது.

நான் ஓடிப்போனபோது தாள்கட்டு முழுவதும் ரத்தம். கோட்டைச்சாமி கூப்பிய கையைப் பிரிக்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்தார். யாரோ வந்துதான் அவர் கையை இழுத்துப் பிரித்தார்கள். விருந்தாளிகளை வேறு வழியாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். லட்சுமிகாந்தத்தின் முகத்தை நான் பார்த்தேன். முதல் வாரத்தில் தான் சொன்னது அவருக்கு அப்போது ஞாபகம் வந்தது. அதை நான் எந்தச் சபையிலும் சத்தியம் செய்து சொல்வேன். ஆனால் ஞாபகம் வந்து என்ன பிரயோஜனம்?

பாக்டரி இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வருவார், அதற்கு முன் கோட்டைச்சாமியின் வாக்குமூலத்தை எழுதி வாங்கு என்று மேனேஜர் என்னிடம் சொன்னார். கோட்டைச்சாமி சொல்லச் சொல்ல எழுதினேன். மணி அடித்தது, நோட்டீஸில் கண்டபடி இரண்டு கையாலும் கும்பிட்டேன், லிவரை விட்டுவிட்டேன், கொக்கி தேய்ந்திருந்ததால் கத்தி இறங்கியது, சங்கையா மேல் தப்பு எதுவுமில்லை. ஐந்தே வரி. கீழே அந்தச் சுழியோடு தன் பெயரை எழுதினார். மேனேஜர் வாசித்தார். தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்து, எரித்துவிட்டு வேறு எழுது என்றார். சங்கையா கவனக்குறைவாகத் தானே கையை நீட்டினார், நான் எச்சரித்தும் கேட்கவில்லை என்று இருக்க வேண்டுமாம். கோட்டைச்சாமி அதில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று எழுந்து போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லட்சுமிகாந்தமே நாரணாபுரத்துக்குப் போனார். காரைத் தெருமுனையில் விட்டுவிட்டு நடந்து போனார். தரையில் உட்கார்ந்து, கோட்டைச்சாமியின் மனைவி கருப்பம்மாள் ஊற்றிய கம்பங்கூழை வாங்கிக் குடித்தார். பழைய நாளைப் போல 'ஏலே கோட்டை' என்று கூப்பிட்டார். கம்பெனி மேல் கேஸ் வந்தால் முந்நூற்று நாற்பது வீட்டு அடுப்பு அணைந்துபோகும், தாள் சர்க்காருக்காகத்தான், சங்கையாவுக்கு ஆயுசு பூராவும் கம்பெனியில் இடமுண்டு, இது என் அம்மா மேல் ஆணை என்றார். அடுத்த நாள் கோட்டைச்சாமி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சங்கையாவைக் கேட்டார். நானும் கூடப் போயிருந்தேன். சங்கையா கட்டுப் போட்ட கையை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"போட்டுரு மச்சான். என் கையாலதான் போச்சுன்னே இருக்கட்டும். உன் கைன்னு தெரிஞ்சா வேலுத்தா உன் மூஞ்சில முழிக்க மாட்டா. அவளுக்கு அண்ணன் ஒருத்தன்தான் இருக்கான்."

தங்கையை இழந்துவிடுவோம் என்கிற பயத்திலும், அண்ணாச்சி வாக்கின் மேல் வைத்த நம்பிக்கையிலும் கோட்டைச்சாமி அந்த இரண்டாவது தாளில் கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளையும் நான்தான் எழுதினேன். எச்சரித்தும் என்கிற சொல்லை எழுதும்போது பேனா ஒரு நொடி நின்றது. பிறகு ஓடிவிட்டது. முதல் தாளை எரிக்கவில்லை. ஏன் எரிக்கவில்லை என்று கேட்டால் எனக்கே தெரியாது. மேஜை இழுப்பறையில் பழைய பதிவேட்டுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

லட்சுமிகாந்தம் வாக்கைக் காப்பாற்றத்தான் செய்தார், ஏழு மாதம். 1965 ஜனவரியில் சங்கையாவுக்கு வேலை கொடுத்தார்கள். வாசலில் நின்று மணி அடிக்கிற வேலை. இடது கையால் கயிற்றை இழுப்பார். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் உள்ளே கோட்டைச்சாமி எப்படி நின்றார் என்பதை நான் பார்க்கப் போகவில்லை. ஆகஸ்டில் கல்கத்தாவிலிருந்து ஒரு பார்ட்டி குடும்பத்தோடு வந்தது. கும்பிட வேண்டுமென்று நோட்டீஸ் இருக்கிறதே என்று சங்கையா அந்த மொண்டிக் கையையும் நல்ல கையையும் சேர்த்துத் தூக்கினார். அந்த வீட்டு அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு காருக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வாரம் சங்கையாவுக்கு ஒரு கடிதம். ஏற்கெனவே தன் கவனக்குறைவால் விபத்து ஏற்படுத்திக்கொண்டவர் என்று விசாரணையில் தெரியவந்திருப்பதால், அன்னாரைத் தொடர்ந்து பணியில் வைத்திருக்க இயலாது. கும்பிட முடியாத ஆளை வாசலில் நிறுத்த முடியாது என்று எழுதவா முடியும்? அதற்கு அந்தத் தாள் கைகொடுத்தது. கடிதத்தை மூன்று படி எடுத்து, மூன்றிலும் ஒரே மாதிரி அழகாக எழுதிக் கொடுத்தேன்.

கோட்டைச்சாமி முதலாளியைப் பார்க்க நான்கு நாள் மாடிப்படிக்குக் கீழே நின்றார். பார்க்க முடியவில்லை. ஐந்தாம் நாள் என்னிடம் வந்தார்.

"மொதல்ல ஒரு தாள் எழுதுனோம்ல சார், அதைக் குடுங்க. இன்ஸ்பெக்டரைப் பாத்துக் காலைப் பிடிச்சாவது சொல்லிப் பாக்கேன். மாப்ளை பேரையாச்சும் சுத்தமாக்கணும். பொய்க்குப் போட்டேன்னு என்னைய உள்ள தள்ளுனாலும் சரிதான்."

என் முழங்காலுக்கு நேராக இழுப்பறை. அதற்குள் தாள். கம்பெனி எனக்குச் சாட்சியாபுரம் பக்கம் ஒரு வீடு கொடுத்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. மனைவிக்கு ஏழாம் மாதம். தாள் எப்படி வெளியே போயிற்று என்று கேட்டால் விரல் என்னை நோக்கித்தான் நீளும். அதை அன்றைக்கே எரித்தாயிற்று அண்ணே என்றேன்.

சரி சார் என்றார். வழக்கம்போலக் கும்பிடக் கை எழுந்தது. பாதி வழியில் நின்றது. தன் இரண்டு கையையும் யாருடையதோ போல ஒரு நிமிஷம் பார்த்தார். கீழே போட்டுக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவர் யாரையும் கும்பிட்டு நான் பார்க்கவில்லை, கோயிலில்கூட.

அக்டோபரில் ஆயுத பூஜை. அன்றைக்குத் தொழிலாளர்கள் வீட்டாரோடு வருவார்கள். மேனேஜர் அதற்குக் குடும்ப விழா என்று பெயர் வைத்திருந்தார். டோக்கன் நம்பர்படி பெயர் கூப்பிட, முதலாளி தன் கையாலேயே வேட்டி துண்டு கொடுப்பார். வேலுத்தாயும் வந்திருந்தார். அண்ணன் வாங்குவதைப் பார்க்கத்தான். மூன்றாம் நம்பர் என்று நான் கூப்பிட்டேன். கோட்டைச்சாமி கையைத் தொங்கவிட்டுக்கொண்டு போய் மேடை முன்னால் நின்றார். வேட்டியை வாங்கவில்லை. கூட்டத்தின் பக்கம் திரும்பினார். சத்தம் போடவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"கத்தியை விட்டது நான். மணி அடிச்சுச்சு, கும்பிட்டேன். மாப்ளை மேல ஒரு தப்பும் இல்ல. இருக்குன்னு பொய்க்குக் கையெழுத்துப் போட்டதும் நான்தான்."

லட்சுமிகாந்தம் வேட்டியை நீட்டியபடியே நின்றார். கோட்டைக்கு உடம்பு சரியில்லை, கூட்டிக்கொண்டு போங்கள் என்றார். மேனேஜர் மேளக்காரரைப் பார்த்துக் கையைக் காட்டினார். மேளச் சத்தம் எழுந்தது. நான் நான்காம் நம்பரைத் தாண்டி ஐந்தாம் நம்பரைக் கூப்பிட்டேன்.

மறுநாள் பலகையில் மூன்றாம் நம்பர் டோக்கன் இல்லை. விழாவில் ஒழுங்கீனமாக நடந்ததற்காக நீக்கம். அந்த வார்த்தைகளும் என் கையெழுத்தில்தான் இருக்கும். சங்கையாவை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. ஒரு மாதம் கழித்து அந்த டோக்கனை அச்சங்குளத்துப் பையன் ஒருவனுக்குக் கொடுத்தோம். மூன்றாம் நம்பர் என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியாது.

வேலுத்தாய் விழா அன்று பந்தியில் உட்காராமல் எழுந்து போனவர்தான். அண்ணனோடு பேச்சை நிறுத்திவிட்டார். விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசு ஆலைக்குத் திரி வைக்கிற வேலைக்குப் போனார். கோட்டைச்சாமி லாரி செட்டில் பண்டல் ஏற்றி இறக்கினார். வாரக்கூலி வாங்கினதும் கம்போ சோளமோ ஒரு பையில் கட்டித் தங்கை வீட்டு வாசலில் வைத்துவிட்டு வருவார். அது திங்கட்கிழமை சங்கையாவின் தோளில் ஏறித் திரும்பி வரும். மச்சானும் மாப்பிள்ளையும் மட்டும் பேசிக்கொண்டார்கள். சனிக்கிழமை சாயங்காலம் செட்டுக்கு எதிர்த்த டீக்கடையில் இரண்டு பேரையும் பார்க்கலாம். ஒருவர் இடது கையில் டம்ளர். இன்னொருவர் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

தன் கை நழுவியதைத் தங்கை மன்னிக்கவில்லை என்று கோட்டைச்சாமி நம்பினார். புருஷன் கையை வெட்டிய அண்ணனோடு எந்தப் பெண் பேசுவாள் என்று ஊரும் அதையே சொன்னது. நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்குச் சௌகரியமாகவும் இருந்தது. 1969 ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு எட்டாம் நாள் அவர் போய்ச் சேர்ந்தார். கடைசி இரண்டு நாளும் வாசலைப் பார்த்தபடியே படுத்திருந்தார் என்று கருப்பம்மாள் சொன்னார். அவர் இறந்த பிறகுதான் தங்கை வந்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் வேலுத்தாய் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். விரலெல்லாம் வெடிமருந்து ஏறிச் சாம்பல் நிறத்தில் இருந்தன. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"எங்கண்ணன் கையெழுத்துப் போட்ட தாள் இங்கன இருக்குமா சார்? அதுல என்ன இருந்துச்சுன்னு எனக்கு வாசிச்சுக் காட்டணும்."

தாள் வாசிக்கக் கிடைக்காது, ஆனால் அதில் இருந்தது எனக்குத் தெரியும் என்று சொன்னேன். கவனக்குறைவாகக் கையை நீட்டினார், எச்சரித்தும் கேட்கவில்லை. வேலுத்தாய் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். பிறகு, கை தவறியதற்காக அண்ணனோடு பேசாமல் இருந்தது இப்போது மனதை அறுக்கிறதா என்று, ஆறுதல் சொல்கிற நினைப்பில், நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் கேட்டேன்.

வேலுத்தாய் என்னை ஏதோ புரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"கைக்காகவா பேசல? கை தவறுறது மனுசனுக்கு உள்ளதுதான சார். எங்கப்பன் கும்பிட்ட கும்பிடு, அந்தக் கை வேற என்ன செய்யும்? இந்தத் தாளுக்காகத்தான் பேசல. உள்ளதைச் சொல்ல அம்புட்டுப் பயமா? மொதல்ல ஒரே ஒரு தடவை நெசத்தைச் சொல்லிட்டு, பெறகு மெரட்டி மாத்தினாகன்னு இருந்தாக்கூட என் மனசு ஆறியிருக்கும். நான் போயி எங்கண்ணன் காலைக் கட்டிக்கிட்டு அழுதிருப்பேன்."

மழை பெய்து ஓய்ந்த பகல். மிஷின்களின் சத்தம் மாடியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. நான் இழுப்பறையைத் திறந்தேன். பழைய பதிவேட்டைத் தூக்கினேன். தாள் பழுத்துப்போயிருந்தது. ஐந்து வரியையும் வாசித்தேன். மணி அடித்தது என்று தொடங்கி, சங்கையா மேல் தப்பு எதுவுமில்லை என்று முடிகிற வரை. தேதியையும் வாசித்தேன். இதுதான் முதலில் சொன்னது என்றேன்.

அவர் தாளை வாங்கிக் கீழே இருந்த பெயரின் மேல் விரலை வைத்தார். படிக்கத் தெரியாது. ஆனால் பிறந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம், சுவரில் கரித்துண்டால் அண்ணன் எழுதி எழுதிப் பழகியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர். அந்தச் சுழி அவருக்குத் தெரிந்திருந்தது. அதன் மேலேயே விரலைச் சுழித்துப் பார்த்தார்.

"இது எம்புட்டு நாளா உங்ககிட்ட இருக்கு சார்?"

அஞ்சு வருஷமா என்றேன்.

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாளை மடித்து மடியில் செருகிக்கொண்டு, போய்ட்டு வாறேன் என்றுகூடச் சொல்லாமல் வெளியே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ரோட்டைத் தாண்டி டீக்கடை முன்னால் நின்றார். பெஞ்சில் உட்கார்ந்து தினசரி படித்துக்கொண்டிருந்த யாரோ ஒருவரிடம் தாளை எடுத்து நீட்டி, வாசிக்கச் சொல்லி நின்றார்.